‘நல்லாப் பாத்துக்குவாருங்க’: நஃபகாவுக்குத் தொகை எழுதும் விதம்

மனைவி மக்களுக்குக் கணவன் தர வேண்டிய வாழ்க்கைச் செலவுதான் நஃபகா. அதற்காகக் கணவன் மனைவி வழக்கு ஜமாஅத்துக்கு (பள்ளிவாசல் ஊர்ச் சபைக்கு) வந்தால், தீர்மானப் புத்தகத்தில் அது இப்படி ஒரு வரியில் முடிவதுதான் வழக்கம்: ‘இரு தரப்பும் சமாதானமாகி, மேற்படி நபர் தன் மனைவி மக்களை இனி நல்ல முறையில் பராமரித்து வருவதாக ஒப்புக்கொண்டார்.’ கீழே இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. எவ்வளவு, எந்தக் கிழமை, எந்தத் தேதியிலிருந்து, கொடுக்காவிட்டால் என்ன என்று ஒன்றும் இருக்காது. மூன்று மாதம் கழித்து அதே பெண் அதே வாசலில் நிற்பாள். “அன்னிக்கே எழுதிக் கொடுத்தாச்சுங்களேம்மா” என்பார்கள்.

இந்த வரியால் அவளுக்கு நேரடியாகவே பண நஷ்டம். எப்படி என்பதற்கு மத்ஹபை, அதாவது அவர்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவை, பார்க்க வேண்டும். கொங்குப் பகுதியில் ராவுத்தர்களும் உருது பேசும் தக்கினிக் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனஃபி. பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்து கோவையில் குடியேறிய மாப்பிள்ளைக் குடும்பங்கள் ஷாஃபி. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே பள்ளிவாசல். ஆனால் நஃபகா பாக்கி என்று வந்தால் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஷாஃபி சட்டத்தில் கணவன் கொடுக்காமல் விட்ட ஒவ்வொரு நாளின் செலவும் தானாகவே அவன் தலையில் கடனாக ஏறும். ஹனஃபியில் ஏறாது. இருவரும் ஒரு தொகையைப் பேசி முடித்திருக்க வேண்டும், அல்லது நீதிபதி ஒரு தொகையை நிர்ணயித்திருக்க வேண்டும். அதற்கு முந்திய நாட்கள் போனது போனதுதான். ‘நல்ல முறையில் பராமரிப்பேன்’ என்பதில் தொகை கிடையாது. தொகை இல்லாத இடத்தில் பாக்கி எங்கே வரும்? இரண்டு வருஷம் அத்தா (தந்தை) வீட்டில் பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்கிற ஹனஃபிப் பெண்ணுக்கு அந்த இரண்டு வருஷம் கணக்கிலேயே வராது. பொறுமைக்குக் கூலி மறுமையில் உண்டு. பலசரக்குக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

கடமையைப் பற்றி மத்ஹபுகளுக்குள் சண்டை இல்லை. ஆண்கள் பெண்களுக்குப் பொறுப்பாளர்கள் என்று சொல்கிற அதே வசனம் (குர்ஆன் 4:34), தங்கள் செல்வத்திலிருந்து அவர்கள் செலவழிப்பதை அதற்குக் காரணமாகச் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் ஊரில் நிறைய. இரண்டாம் பாதி நிறைவேறாதபோது அந்தப் பொறுப்பாளர் என்ற நிலையே அவனுக்கு இல்லை என்று அறிஞர்கள் இந்த வசனத்திலிருந்து விளங்கியதாக இமாம் குர்துபி தம் விரிவுரையில் எழுதியிருக்கிறார். வசதியுள்ளவன் வசதிக்கேற்ப, நெருக்கடியில் இருப்பவன் தனக்குக் கிடைத்ததிலிருந்து செலவழிக்கட்டும் என்பது 65:7. வேலையில்லை, கம்பெனி மூடியாச்சு என்று சொல்கிறவருக்கும் இந்த வசனத்தில் இடமிருக்கிறது, ஆனால் அது தொகையைக் குறைக்கத்தானே தவிர பொறுப்பைக் கழற்றிவிட அல்ல.

அபூஸுஃப்யானின் மனைவி ஹிந்த் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, கணவர் கஞ்சத்தனமானவர், எனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார். உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவருடைய பொருளிலிருந்து நீயே எடுத்துக்கொள் என்று பதில் வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. கணவருக்குத் தெரியாமல் எடுப்பதற்கே அனுமதி கிடைக்கிறது என்றால் அது அவளுக்குச் சேர வேண்டிய பணம் என்றுதான் பொருள். பீரோவில் எடுத்ததற்காக ‘திருடி’ பட்டம் கட்டி அனுப்பப்பட்ட பெண்ணின் வழக்கில் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

நஃபகாவில் என்னென்ன சேரும்? உணவு, உடை, வீடு என்ற மூன்றையும் எல்லா நூல்களும் சொல்லும். ஷாஃபி நூல்கள் அளவே போட்டுவிட்டன: நாளொன்றுக்கு வசதியானவன் 2 முத்து (இரு கை சேர்த்து அள்ளும் பழைய அரபு அளவு), நடுத்தரன் ஒன்றரை, ஏழை 1 முத்து தானியம். ஹனஃபியில் நிலையான அளவு இல்லை, போதுமான அளவு என்பதுதான் அளவுகோல்; கணவன் மனைவி இருவரின் நிலையையும் பார்த்து முடிவுசெய்வதே ஃபத்வாவுக்கு (மார்க்கத் தீர்ப்புக்கு) எடுத்துக்கொள்ளப்பட்ட கருத்து. உடை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வீடு என்றால் அவளுக்கென்று பூட்டுச் சாவியோடு ஓர் அறையாவது வேண்டும். லைன் வீட்டில் ஒரே அறையைத் துணி கட்டிப் பிரித்து அந்தப் பக்கம் மாமியார், கொழுந்தன், இந்தப் பக்கம் இவர்கள் என்று இருந்தால், ‘தனிக்குடித்தனம் கேக்கறா’ என்று அவள்மேல் குற்றம் சுமத்துவதற்கு ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) ஆதாரம் தேட முடியாது.

மருத்துவச் செலவில்தான் சிக்கல். பழைய நூல்களில் பெரும்பாலானவை மருந்துச் செலவைக் கணவன்மேல் கட்டாயமாக்கவில்லை. அதைக் காட்டிக் கைகழுவுகிறவர்கள் உண்டு. வைத்தியம் என்பது எப்போதோ வரும் விஷயமாக இருந்த காலத்துச் சட்டம் அது. இன்றைய அறிஞர்கள் பலர் அதையும் நஃபகாவில் சேர்க்கிறார்கள். எகிப்து 1985-லேயே மருத்துவச் செலவை நஃபகாவின் பகுதியாகச் சட்டத்தில் எழுதிவிட்டது. வாதம் வேண்டாமென்றால் ஒப்பந்தத்தில் ‘மருத்துவம் தனி, கணவர் பொறுப்பு’ என்று நான்கு வார்த்தை சேர்த்துவிட்டால் போதும். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்பது நம்மூர் வழக்கம், ஷரீஅத் அல்ல. தலாக் சொல்லப்பட்ட கர்ப்பிணிக்கே பிரசவம் வரை செலவழிக்கச் சொல்கிறது 65:6. கூடவே வாழ்கிற மனைவியை ஏழாம் மாதம் சீர் கட்டி அனுப்பிவிட்டு ஐந்து மாதம் பத்து பைசா அனுப்பாமல் இருப்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

இனி தொகை. திருப்பூர்க் கணக்கில் பார்ப்போம்; அங்கே பெரும்பாலான வீடுகளில் சனிக்கிழமைச் சம்பளம். கைத்தொழில் செய்பவன் நாளுக்கு நாள், வியாபாரி மாதாமாதம், நிலக்காரன் ஆண்டுக்கு ஒருமுறை என்று வருமானம் வருகிற முறைக்கேற்ப நஃபகாவைத் தவணை பிரிக்க ஹனஃபி நூல்களிலேயே வழி உண்டு. ஆகவே பனியன் கம்பெனி டெய்லருக்கு மாதத் தொகை எழுதுவது தப்பு. மாதக் கடைசியில் அவர் கையில் பணம் இருக்காது. சனிக்கிழமை இரவுதான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, கணவருக்கு வாரம் 5,200 ரூபாய், ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்வோம். லைன் வீட்டு வாடகை 6,000, கரண்ட், தண்ணீர் 500. அரிசி சிப்பம் 1,400, கேஸ் 900, பலசரக்கும் எண்ணெயும் 3,000, பால் 900, காய்கறி, கறி, மீன் 3,000, பள்ளி வேன், நோட்டு 1,500, காய்ச்சல் தலைவலிக்கு 500, அவள் கைச்செலவும் உடைக்கு எடுத்து வைப்பதும் 1,000. மொத்தம் மாதம் 18,700. வாடகையும் கரண்ட்டும் கணவரே கட்டுவதாக 6,500-ஐக் கழித்தால் மீதி 12,200. இதை 4-ஆல் வகுக்கக் கூடாது. 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் வாரம் சுமார் 2,815. 2,800 என்று முடிக்கலாம்.

அந்த 52 ஏன் முக்கியம்? வாரம் 2,800 என்று பேசிவிட்டு, எழுதும்போது யாராவது பெரியவர் ‘அப்ப மாசம் 11,200 போடுங்க’ என்பார். நாலு வாரம்தானே மாசம்! வருஷத்தில் 48 வாரத்துக்குத்தான் பணம் வரும், 4 வாரம், அதாவது 11,200 ரூபாய், கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கணவரின் வருமானத்தைச் சொல்லும்போதும் இதே தவறு நடக்கும். 5,200-ஐ நாலால் பெருக்கி 20,800 என்பார்கள்; உண்மையில் மாதச் சராசரி 22,500-ஐ ஒட்டி வரும். ஒன்றரை ஷிப்டு ஓடுகிற சீசன் வாரங்களும் தீபாவளி போனஸும் இதற்கு மேல். ஆர்டர் இல்லாத வாரங்களையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். எடுக்காமல் பெரிய தொகையாக எழுதிவிட்டால் மூன்றாவது வாரமே முறியும். முறிந்தால் ‘முடியாததை எழுதி வாங்கிட்டாங்க’ என்று வழக்கு திசை திரும்பும்.

ஆக எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி: ‘ஒவ்வொரு சனிக்கிழமையும் இரவு 9 மணிக்குள் 2,800 ரூபாய் மனைவியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். வீட்டு வாடகை, மின்கட்டணம் கணவரே நேரடியாகக் கட்ட வேண்டும். மருத்துவம், பள்ளிக் கட்டணம், பெருநாள் உடை தனி. இத்தொகை இன்ன தேதி முதல் இருவரும் சம்மதித்து நிர்ணயித்த நஃபகா. கொடுக்காத வாரத்தின் தொகை கணவர்மீது கடன். ஆண்டுக்கு ஒருமுறை தொகையைத் திருத்தலாம்.’ இதில் ‘நிர்ணயித்த’, ‘கடன்’ ஆகிய இரண்டு சொற்கள்தான் உயிர். ஹனஃபி சட்டத்தின் ஓட்டையை அடைப்பவை அவைதாம். இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி, தேதி. நகல் ஒன்றைக் கையோடு அவள் வாங்கிவர வேண்டும். புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது என்பது நகல் ஆகாது. நிர்வாகம் மாறினால் பழைய புத்தகம் எந்தப் பரணில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பணம் கையில் வேண்டாம். ஜிபேயிலோ வங்கியிலோ அனுப்பி, குறிப்பு இடத்தில் ‘நஃபகா’ என்று போடுவது கணவருக்கும் பாதுகாப்பு. ஒழுங்காகக் கொடுத்த ஆண்கள் ரசீது இல்லாததால் இரண்டாம் முறை கட்ட நேர்வதும் உண்டு. மாமியார் கையில் கொடுத்தேன், மச்சினன் கையில் கொடுத்தேன் என்பது கணக்கில் சேராது. நஃபகாவுக்கு உரியவள் மனைவி.

அவள் சம்பாதித்தால்? பனியன் கம்பெனியில் செக்கிங்கிலோ ஓவர்லாக்கிலோ உட்கார்ந்து வாரம் மூவாயிரம் நாலாயிரம் கொண்டுவரும் பெண்கள் திருப்பூரில் வீட்டுக்கு வீடு. ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு, பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்கு என்கிறது 4:32. அவள் சம்பளம் அவளுடையது. வீட்டுக்குக் கொடுத்தால் அது அவளின் தர்மம். இப்னு மஸ்ஊத் அவர்களின் மனைவி ஸைனப் தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டபோது, இரண்டு கூலி உண்டு என்று நபியவர்கள் சொன்னார்கள். கடனாகக் கொடுத்தால் கடன். எழுதச் சொல்லும் 2:282 கணவனுக்கு விதிவிலக்கு தரவில்லை. நடைமுறையில் அவள் ஏடிஎம் கார்டு கணவர் சட்டைப் பையில் இருக்கும், மகளிர் குழுக் கடன் அவள் பேரில் எடுத்து அவர் வண்டித் தவணைக்குப் போயிருக்கும். பஞ்சாயத்தில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி கார்டு யாரிடம் என்பதுதான்.

மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற வாரிசுரிமையை நியாயப்படுத்தும்போது எல்லோரும் நஃபகாவைத்தான் காட்டுகிறோம்: செலவுப் பொறுப்பு ஆணுக்கு, அதனால் பங்கும் கூட. சரியான வாதம்தான். ஆனால் அந்த ஒரு பங்கையும் நாலு பவுன் போட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுபக்கம் நஃபகாவுக்கும் தொகை எழுத மாட்டோம் என்றால் அந்தத் தராசின் இரண்டு தட்டும் நம் பக்கமே இருக்கிறது. வரதட்சணையாக 50 பவுன் வாங்கிக்கொண்டு நிக்காஹ் புத்தகத்தில் மஹர் (கணவன் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை) 5,001 ரூபாய் என்று எழுதுகிற கல்யாணங்களைப் பற்றி என்ன சொல்ல!

மஹரை ரூபாயில் எழுதாமல் தங்கத்தில் கிராம் கணக்கில் எழுதினால் இருபது வருஷம் கழித்தும் மதிப்பு நிற்கும். ‘ரொக்கம்’ எவ்வளவு, ‘நிலுவை’ எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் போட்ட நகை மஹரா அன்பளிப்பா என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும். உடனே தர வேண்டிய மஹரைத் தராததால் அவள் கணவன் வீட்டுக்குப் போக மறுத்தாலும் நஃபகா நிற்காது. காரணமில்லாமல் வீட்டை விட்டுப் போனால் நிற்கும் என்பதும் உண்மை. ஆகவே அடிபட்டு வெளியேறுகிற பெண் அன்றைக்கே ஆஸ்பத்திரிச் சீட்டோ, காவல் நிலைய மனு ரசீதோ, ஜமாஅத்துக்குத் தேதியிட்ட கடிதமோ ஒன்றை உண்டாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் ‘சொல்லாமல் போனவள்’ ஆகிவிடுவாள்.

அதிகம் ஏமாறுகிற இடம் குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு. கணவர் செலவும் கொடுக்க மாட்டார், தலாக்கும் சொல்ல மாட்டார். அவளாகச் சலித்துப்போய் குலா கேட்கட்டும், மஹர் மிச்சம், இத்தாச் செலவும் (மணமுறிவுக்குப்பின் அவள் காத்திருக்கும் காலத்துச் செலவும்) மிச்சம் என்று இழுத்தடிப்பார். தப்பு கணவன் பக்கம் இருக்கும்போது குலாவுக்காகப் பொருள் வாங்குவது வெறுக்கத்தக்கது என்று ஹனஃபி நூல்களே சொல்கின்றன. இத்தாவின் நஃபகாவை விட்டுக்கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னால்தான் அது போகும். ஆகவே அச்சடித்த படிவத்தில் ‘எவ்வித பாத்தியதையும் இல்லை’ என்ற வரி இருந்தால் படித்துவிட்டு அடித்துவிட வேண்டும். பிள்ளையின் செலவு பிள்ளையின் உரிமை, தாய் எழுதிக் கொடுத்து அது தீராது. தாய் வசதியானவளாக இருந்தாலும், பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் கொடுக்க வேண்டியவர் தகப்பன். தவிர, தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றம் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. அதற்குப் பதில் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: இரண்டு வருஷம் பராமரிக்கத் தவறினால் அதையே காரணமாக்கி நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம். ஹனஃபியில் இதற்கு வழியில்லாமல் பெண்கள் தவித்ததால் மாலிகி மத்ஹபின் கருத்தை எடுத்து வந்த சட்டம் அது. அதன் 5-ஆம் பிரிவின்படி மஹர் உரிமையும் அப்படியே நிற்கும். குலா படிவத்தை நீட்டும் முன் இதைச் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் குறைவு.

ஜமாஅத்தில் முடியவில்லை என்றால் நீதிமன்றம். ‘ஷரீஅத்தை விட்டுட்டு கோர்ட்டுக்குப் போறா’ என்பார்கள். ஹனஃபி சட்டமே நிர்ணயிக்க நீதிபதியைத்தானே கைகாட்டுகிறது! ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்ட 125-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்தப் பொதுச் சட்டத்தில் கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 தீர்ப்பில் மறுபடி உறுதிசெய்தது. 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் மணமுறிவு உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி எதிர்காலத்துக்குமான நியாயமான ஏற்பாட்டை இத்தாவுக்குள் செய்துகொடுக்கச் சொல்லும் 2001-ஆம் ஆண்டு டேனியல் லத்தீஃபி தீர்ப்பும் நடப்பில் இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: ஷரீஅத்தில் மனைவி வசதியானவளானாலும் நஃபகா உண்டு, 144-இல் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதவள் என்று காட்ட வேண்டும். சிறு சம்பளம் இருப்பதாலேயே மனு தள்ளுபடி ஆகாது, ஆனால் சம்பளத்தை மறைத்தால் மனுவே கெடும்.

அவள் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். திருப்பூரில் கட்டிக்கொடுத்த பெண் இப்போது பொள்ளாச்சியில் அத்தா வீட்டில் இருந்தால் பொள்ளாச்சிப் பக்கத்து நீதிமன்றமே போதும். நிக்காஹ் புத்தக நகல், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று தேவை. கணவரின் வருமானத்துக்குக் கம்பெனி அடையாள அட்டை, பிஎஃப் எண், இஎஸ்ஐ அட்டை, வண்டிக் கடன் தாள் என்று எது கிடைத்தாலும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டு வந்தபின் இவை கிடைக்காது. எதிர்த்தரப்பில் வழக்கமாக வருவது, தெரிந்த கம்பெனியின் லெட்டர்பேடில் ‘மாதச் சம்பளம் 8,000’ என்று ஒரு கடிதம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று ஆக்கியது. வங்கிக் கணக்கு அறிக்கை வெளியே வந்ததும் அந்த லெட்டர்பேடுக்கு மதிப்பிருக்காது. இடைக்கால ஜீவனாம்ச மனுவைத் தனியாகக் கூடவே போட வேண்டும். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்கச் சொல்கிறது சட்டம். வக்கீல் கட்டணத்துக்குப் பணமில்லை என்பதால் யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. பெண்ணுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்பதும் அதே 2020 தீர்ப்பு. ஜமாஅத்தில் எட்டு மாதம் ‘அடுத்த வெள்ளி பேசிக்கலாம்’ என்று போனால் அந்த எட்டு மாதம் இங்கேயும் சேராது. உத்தரவு வந்தபின் அவர் கட்டாவிட்டால் வாரண்ட் கேட்கலாம், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அந்த வாரண்ட் மனுவைப் போட்டாக வேண்டும். உத்தரவு நகலின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டம் கிழித்து, வந்த தேதியை எழுதிக்கொண்டே வரலாம். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும்போதே வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்; பதினோராவது கட்டம்வரை விட்டால் நகல் விண்ணப்பம், கோர்ட் விடுமுறை என்று முதல் மாதத்துக்கான ஒரு வருஷம் கைநழுவிவிடும்.